52ஆம் எண் சட்டை

பிப்ரவரி 10, 2025, திங்கள்

அதிகாலையில் எழுந்து, அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுல் பார்த்தேன். ஈகிள்ஸ் அணி 40–22 என்று சீஃப்ஸ் அணியை வீழ்த்தியது. சீஃப்ஸின் பந்தெறியும் வீரர் மஹோம்ஸ் ஆறு முறை பந்தோடு தரையில் சாய்க்கப்பட்டார். அதற்குப் பிறகுதான் அவருக்கு முன்னால் நின்று காக்க வேண்டிய ஐவரின் மேல் என் கண் போயிற்று. அவர்களுக்கு லைன்மேன் என்று பெயர். லைன்மேன் என்றால் நமக்கு மின்கம்பத்தில் ஏறுபவர்தான் நினைவுக்கு வருவார். இவர்களோ தவறினால் மட்டுமே கண்ணில் படுகிறவர்கள்.

பிப்ரவரி 12, புதன்

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் பழைய ஆட்டப் பதிவுகளைப் பார்த்தேன். ஐவரின் நடுவில் நிற்கும் சென்டர், குனிந்தபடி கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுத்த அதே நொடியில் எதிரே பாய்கிறவரைத் தடுத்தாக வேண்டும். 1974இல் புதிய வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் தேர்வில் ஐந்தாம் சுற்றில் தேர்வான, 52ஆம் எண் சட்டைக்காரர் மைக் வெப்ஸ்டர், அந்த இடத்தில் அவ்வணிக்காக 15 பருவங்கள் ஆடி நான்கு சூப்பர் பவுல்களை வென்றவர். கடுங்குளிரிலும் சட்டைக் கையை மேலேற்றி, வெறும் கைகளோடு இரு அணிகளும் எதிரெதிரே நிற்கும் கோட்டுக்கு ஓடிவருகிறார். ஒரு காட்சியை எட்டு முறை ஓட்டிப் பார்த்தேன்: பந்து கைமாறும்போதே எதிராளியின் தலைக்கவசம் இவருடையதில் முட்டுகிறது, யாரும் விழவில்லை, வர்ணனையாளரும் அதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

வெப்ஸ்டர் ஆடியது மொத்தம் 245 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு அறுபது மோதல் என்று வைத்தால் 14,700. இது என் உத்தேசக் கணக்குதான். தொடக்கத்தில் அவர் முழுநேரம் ஆடாததால் கொஞ்சம் குறையும், பயிற்சியைச் சேர்த்தால் எங்கோ போய்விடும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஓய்வுக்குப் பின் நினைவு தடுமாறி, பல இரவுகளைத் தம் வண்டியிலேயே கழித்திருக்கிறார். 1997இல் அமெரிக்கக் கால்பந்தின் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். 2002 செப்டம்பரில் 50 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு, மூளை வெளிப்பார்வைக்கு இயல்பாகவே இருந்தும் விட்டுவிடாமல், அதை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிப் பார்த்து, தாவ் புரதம் படிந்திருப்பதைக் கண்டார். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும், குத்துச்சண்டை வீரர்களின் நோயாக அறியப்பட்டிருந்ததை ஒரு அமெரிக்கக் கால்பந்து வீரரிடம் கண்ட அந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. பெரிய அடி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு, அந்த எட்டு முறை பார்த்த முட்டல்தான் திரும்பத் திரும்ப வந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

வெப்ஸ்டர் தரப்பு வீரர்களின் ஓய்வூதியத் திட்டத்துக்கு எதிராக நடத்திய வழக்கைப் படித்து முடித்தேன். அவர் செயலிழந்தவர் என்பதை இரு தரப்புமே ஏற்றிருந்தன. 1991இல் ஓய்வுபெற்றபோதே அப்படியா, சில ஆண்டுகள் கழித்தா என்பதில்தான் சண்டை. தேதியைப் பொறுத்தே தொகை. 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முந்தைய தேதியை ஏற்று, குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.