சொல்லுதேன், பேசுதேன், ஓடுதேன்

பாபநாசம் போகிற பஸ் சேரன்மகாதேவியைத் தாண்டியதும்தான் அந்தக் குரல் காதில் விழுந்தது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் நண்பன் ஊரில் ஆடிக் கொடை, அதாவது கோயில் திருவிழா. சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து, திருநெல்வேலி ஜங்ஷனில் குளித்துச் சாப்பிட்டு, பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பின்சீட்டுப் பையன் போனைச் சத்தமாக வைத்திருந்தான். முதலில் ஏதோ சினிமா ராப் என்று நினைத்தேன். அப்புறம் இரண்டு வரி தெளிவாகக் கேட்டது.

கயித்துல நெறம் பாக்கான், கண்ணப் பாத்து ஆளப் பாக்கல
வயித்துல பசி வந்தா வாங்குத சோத்துல நெறம் பாக்கல

திரும்பிப் பார்த்து, யார் பாட்டு தம்பி என்று கேட்டேன். “நம்ம பய பாட்டுதான் அண்ணாச்சி. வீரவநல்லூர். இந்தா, அடுத்த ஸ்டாப்புல எறங்குனா அவன் வீடு.”

இறங்கிவிட்டேன். கொடை ராத்திரிதானே, சாயங்காலம் போய்க்கொள்ளலாம்.

அந்தக் கயிறு என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்துச் சாதி சொல்லும் பழக்கம் இங்கே வேரோடியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளியில் வண்ணக் கயிறே கூடாது என்று பரிந்துரைத்தது. அறிக்கை வந்தபோது செய்தியாகப் படித்தேன். பஸ்ஸில் அந்த இரண்டு வரியைக் கேட்டபோதுதான் எனக்கு உள்ளே சுட்டது.

வீரவநல்லூர் நெசவு ஊர். செடிபுட்டா சேலைக்குப் பேர்போனது. பையன் வீட்டு முன்னறையில் குழித்தறி ஓடிக்கொண்டிருந்தது, அவன் அம்மா நெய்துகொண்டிருந்தார். கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறான். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு சின்ன அறைதான் ஸ்டுடியோ. சுவரில் பழைய மெத்தை சாத்தியிருக்கிறது. மேஜையில் ஒரு லேப்டாப், ஒரு யூஎஸ்பி மைக். பாடும்போது ஃபேனை நிறுத்திவிட்டுத் தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொள்வானாம், எதிரொலி வராமல் இருக்க. ஆடியிலும் அந்த அறையில் வேர்த்துக் கொட்டியது.

“தறி ஓடுத நேரம் ரெக்கார்டு பண்ண முடியாது அண்ணாச்சி. அம்மா எந்திரிச்ச பொறவுதான்.” ஆனால் அந்தத் தறியைத்தான் முதலில் பதிவு செய்து வைத்திருக்கிறான். நாடா ஓடிப் போய் இடிக்கிற ‘டக்’கை வெட்டி எடுத்து, பீட்டில் ஹை-ஹாட் என்கிற தாளத்தட்டு வரவேண்டிய இடத்தில் வைத்திருந்தான். ஹெட்போனை என் காதில் மாட்டி, அதை மட்டும் தனியாக ஓடவிட்டுக் காட்டினான். கீழே அம்மாவின் தறி நிஜமாக ஓட, காதுக்குள் அதே சத்தம் தாளமாக ஓடியது. நான் பேசாமல் அதையே மூன்று முறை கேட்டேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது, 2006-ல், மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்திரா ஆல்பம் வந்தது. தமிழில் ராப் இப்படியும் வரும் என்று எங்களுக்குக் காட்டியது அதுதான். 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறிய பிறகு, கானாவும் ராப்பும் சேர்ந்து சாதியைப் பற்றி நேருக்கு நேர் பேச ஆரம்பித்தன. அதெல்லாம் எனக்குப் பிடித்தமானவை. ஆனாலும் மலேசியாவும் வடசென்னையும் பேசிய தமிழ் அது. எங்கள் ஆச்சி பேசிய தமிழில் ஒரு வெர்ஸ் அதுவரை நான் கேட்டதில்லை.

இதை அவனிடம் சொன்னேன். விரலால் மேஜையில் தட்டிக் காட்டினான். “சென்னைல சொல்றேன், பேஸ்றேன், ஓட்றேன்னு சொல்லுவாங்க. ரெண்டு தட்டுல முடிஞ்சிரும். நம்ம ஊர்ல சொல்லுதேன், பேசுதேன், ஓடுதேன். மூணு தட்டு. ட்ரிப்லெட் ஃப்ளோ பழகணும்னு வெளிநாட்டுக்காரன் பாட்டக் கேட்டுக் கேட்டு ஒரு வருஷம் வீணாக்குனேன் அண்ணாச்சி. அது வாயிலயே கெடந்துருக்கு.”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்த ‘உதேன்’ பட்டிக்காட்டுப் பேச்சு என்று சென்னைக்குப் போன முதல் வருஷமே நான் விட்டுவிட்டேன். அவன் அதன் மேல்தான் முழுப் பாட்டையும் கட்டியிருக்கிறான்.

எதுகையும் அப்படித்தான். வெளியே ராப் என்றால் பெரும்பாலும் கடைசிச் சொல் ஒத்து வரவேண்டும். நம் இலக்கணத்தில் அது இயைபு. அவனுக்கு அது போதவில்லை. கயித்துல, வயித்துல என்று இரண்டாம் எழுத்தில் எதுகை, கயித்துல, கண்ண என்று முதலெழுத்தில் மோனை, முடிவில் பாக்கல, பாக்கல என்று இயைபு. பள்ளித் தமிழாசிரியர் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்ததாம். நோட்டில் ஒவ்வொரு வரியிலும் எதுகை எழுத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தான்.

சாயங்காலம் அவனையும் கொடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நண்பன் ஊர்ச் சுடலைமாடன் கோயிலில் கணியான் கூத்து. வில்லுப்பாட்டை எல்லோருக்கும் தெரியும். கணியான் கூத்து நெல்லைச் சீமையை விட்டு அதிகம் வெளியே போகாதது. அண்ணாவி நின்று கதை பாடுவார், பெண் வேடம் கட்டிய ஆண்கள் ஆடுவார்கள், மகுடம் என்கிற தோல் கருவி இரண்டு பேசும். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். பையன் பந்தலின் ஓரத்தில் போய் போனில் பதிவை அமுக்கிவிட்டு, “கிக்கும் ஸ்நேரும் அண்ணாச்சி” என்று என் காதருகே சொன்னான். டிரம்ஸில் கனத்த அடியும் கூர்மையான அடியும். அண்ணாவி ஒரு வரி பாடி நிறுத்தினால், பின்பாட்டுக்காரர் அதன் வாலைப் பிடித்து எடுத்துக் கொடுக்கிறார். ராப் மேடையில் பக்கத்தில் நிற்பவன் செய்கிற அதே வேலை.

நடுச்சாமம் தாண்டி ஒரு இடைவேளை. மகுடக்காரர்கள் ஓலையைக் கொளுத்தித் தோலைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். மந்தம் அடிக்கும் பெரியவருக்கு அறுபது தாண்டியிருக்கும். டீ கொடுக்கும் சாக்கில் நண்பன் பையனை அவர் முன்னால் நிறுத்தி, “இவனும் பாடுவான், தாத்தா” என்றான்.

“என்னலே பாடுவ?”

பையனுக்கு நாக்கு எழவில்லை. தரையைப் பார்த்தபடி கயிற்றுப் பாட்டை மெல்ல ஆரம்பித்தான். பீட் இல்லை, மைக் இல்லை. சுற்றியிருந்தவர்களில் சிலர் தங்கள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். ஒருவர் எழுந்தே போய்விட்டார். பையனும் அதைப் பார்த்தான். குரல் இறங்கியது.

பெரியவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். மகுடத்தை இடுப்போடு சேர்த்து எடுத்துக்கொண்டு, இரண்டு வரி கேட்டுவிட்டு, மூன்றாவது வரியில் விரலால் லேசாகத் தொட்டார். இடம் சரியாக விழவில்லை. பையன் பாட்டை நிறுத்தினான்.

“நீ நிறுத்தாதலே. சொல்லு. நான் பிடிச்சுக்கிடுதேன்.”