தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதற்கு முன்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மூன்றாவது தடவை கடலுக்குப் போயிருந்தோம். மல்லிப்பட்டினத்திலிருந்து கிளம்பி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். மடியை, அதாவது இழுவலையை, இறக்கி இழுக்க ஆரம்பித்ததும் சூடு முள் மெதுவாக ஏறியது. எப்போதும் 80-ல் நிற்பது 88, 92, அப்புறம் 96. டிரைவர் அண்ணன் எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் முதலில் எட்டிப் பார்த்தது படகின் விலாவைத்தான். கடல் தண்ணீர் வெளியே விழுகிற குழாயில் பாதித் தண்ணீர்கூட இல்லை.

எங்கள் படகில் இருப்பது லாரி எஞ்சினைக் கடலுக்கு ஏற்ப மாற்றியது, ஆறு சிலிண்டர். 2018 நவம்பரில் கஜா புயல் பழைய படகை உடைத்துப் போட்ட பிறகு அப்பா கடன் வாங்கிப் பூட்டியது. அதனால் அந்த முள் ஏறினால் எனக்கு வயிறு கலங்கும். சூட்டில் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வளைந்தால் ஒரு சீசன் வருமானம் போய்விடும்.

எஞ்சினுக்குள் சுற்றுவது கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர். அதன் சூட்டை ஹீட் எக்ஸ்சேஞ்சரில் கடல் தண்ணீர் வாங்கிக்கொண்டு வெளியே போகிறது. இரண்டும் கலப்பதில்லை. கோளாறு எந்தத் தண்ணீரில் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விலாவில் தண்ணீர் குறைந்தால் கடல் பக்கம் பார்க்க வேண்டும். அங்கே நன்றாக விழுந்தும் சூடு ஏறினால் எக்ஸ்சேஞ்சர் குழாய்களில் உப்பு படிந்திருக்கலாம், அல்லது நல்ல தண்ணீர் பக்கம் கோளாறு. டேங்கில் கூலன்ட் குறைகிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, மூடியின் ரப்பர் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். டேங்கில் விடாமல் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும், மூடி நகர்ந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். அப்பாவின் இடது கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அன்றைக்குக் கடல் தண்ணீர் உள்ளே வரும் வழியில் இருக்கும் சல்லடையைத் திறந்தால் கடற்புல் அடைத்துக் கிடந்தது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், காற்று மாறினால் புல் பிடுங்கி மிதந்து வரும். 2022-ல் கடற்பசு காப்பகமாக அறிவித்த கடல் இது. அந்தப் புல் இருந்தால்தான் எங்களுக்கு மீனும் இறாலும். ஆகவே புல் மேல் எனக்குக் குறையில்லை, சல்லடையை அடிக்கடி திறப்பது என் வேலை. வால்வை மூடி, கழுவி, மறுபடி மாட்டினேன். முள் 84-க்கு இறங்கியது. ஒரு மணி நேரத்தில் மறுபடி 93.

கரைக்கு வந்ததும் மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டு, "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு தம்பி, எல்லாம் சரியாகிடும்" என்றார். தெர்மோஸ்டாட் என்பது சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் வழியைத் திறக்கிற வால்வு. நம் பக்கம் சூடு என்றாலே அதைக் கழற்றுவதுதான் வைத்தியம். நானும் தலையாட்டிவிட்டேன். அடுத்த தடவை நடந்ததைக் கேளுங்கள். சும்மா ஓடும்போது முள் 60-ஐத் தாண்டவில்லை. மடி இழுக்கத் தொடங்கியதும் முன்னைவிட மோசமாக ஏறி 98-ஐத் தொட்டது.

கரை திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். எங்கள் எஞ்சினில் தெர்மோஸ்டாட் இரண்டு வேலை செய்கிறது. சூடானதும் எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் வழியைத் திறக்கும், கூடவே குறுக்கு வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். பாதித் தண்ணீர் ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும். லோடு இல்லாதபோது அது தெரியாது, மடி இழுக்கும்போதுதான் தெரியும்.

வீட்டில் அந்தத் தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். மேலே பொறித்திருந்தது 82 டிகிரி. வெப்பமானி 83 காட்டும்போது அழகாகத் திறந்தது. நல்ல சாமானைக் கழற்றிப் போட்டிருக்கிறோம்.

சரி, கடல் பக்கம்தான் என்று மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். விலாக் குழாய்க்கு நேராக 20 லிட்டர் பெயின்ட் வாளியைப் பிடித்து, எஞ்சின் சும்மா ஓடும்போது நிறைய எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். 43 வினாடி. போன வருடம் எஞ்சின் ரூம் கதவில் நான் எழுதி வைத்தது 25. சல்லடை சுத்தம். உறிஞ்சும் ஹோஸ் சப்பவில்லை, கிளிப்பில் காற்று இழுக்கவில்லை. பம்பைத் திறந்தால் தடைக்காலத்தில் போட்ட புது இம்பெல்லர், தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர் இதழ்ச் சக்கரம், இதழ் ஒன்றுகூடப் போகவில்லை.

அப்போதுதான் பழைய இம்பெல்லர் ஞாபகத்துக்கு வந்தது. கழற்றியபோது மூன்று இதழ் உடைந்திருந்தது. தேய்மானம் என்று நினைத்துப் புதியதைப் போட்டுவிட்டேன். உடைந்த ரப்பர் எங்கே போனது என்று கேட்கவே இல்லை. தண்ணீர் போகிற வழியில்தானே போயிருக்கும்.

எக்ஸ்சேஞ்சரின் முன்மூடியைக் கழற்றினேன். விரல் நுழையாத அந்தச் சின்னக் குழாய்களின் வாயில் இரண்டு ரப்பர் இதழ்கள் குறுக்கே உட்கார்ந்திருந்தன. சல்லடைக்குத் தப்பி வந்த புல் தும்பு எல்லாம் அவற்றில் சிக்கி மெத்தை மாதிரி படிந்திருந்தது. மூன்றாவது இதழ் கிடைக்கவில்லை. டிரைவர் அண்ணன், "ரெண்டு வந்துடுச்சே, மூடு" என்றார். நான் மூடவில்லை. பம்புக்கும் எக்ஸ்சேஞ்சருக்கும் நடுவே உள்ள ஹோஸ் வளைவில் அது ஒட்டிக்கொண்டிருந்தது, கடைசியில் கம்பியை விட்டுத்தான் எடுத்தேன். கிட்டத்தட்ட கரைந்துபோயிருந்த துத்தநாகக் கட்டியையும் மாற்றினேன், அது இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் குழாயையே தின்றுவிடும். தெர்மோஸ்டாட்டைப் புது கேஸ்கட்டோடு பழைய இடத்தில் மாட்டினேன்.

வாளி 24 வினாடியில் நிறைந்தது. புதன்கிழமை மடி இழுக்கும்போது முள் 81. அந்த மூன்று இதழ்களையும் ஒரு கம்பியில் கோத்து எஞ்சின் ரூம் கதவில், 25 என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன்.