கணினியிலிருந்து பிளேஸ்டேஷன் 3-க்கு: தம்புரா அறுபடாமல் கேட்க நான் பட்ட பாடு

எங்கள் வீட்டில் நல்ல ஸ்பீக்கர் இருப்பது கூடத்தில், பாட்டு இருப்பதோ உள்ளறைக் கணினியில். பல வருடமாகச் சேர்த்த கர்நாடக இசை சிடிக்களை ஒவ்வொன்றாக ஃபிளாக் (இசையைச் சுருக்கி வைக்கும் ஒரு வடிவம்) கோப்புகளாக மாற்றி வைத்திருக்கிறேன். எம்பி3 போல ஃபிளாக் எதையும் வெட்டி எறிவதில்லை. விரித்தால் சிடியில் இருந்த அதே எண்கள் அப்படியே திரும்ப வரும். கூடத்தில் பழைய பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) கேம் கருவி ஒன்று சும்மா இருந்தது. அதிலிருந்து ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்கு எச்டிஎம்ஐ கேபிள் போகிறது. அதன் வழியாகவே கேட்கலாமே என்று இறங்கினேன்.

பிஎஸ்3-க்கு ஃபிளாக் புரியாது. நடுவே ஒரு சர்வர் மென்பொருள் வேண்டும். யுனிவர்சல் மீடியா சர்வர் போட்டேன், இலவசம்தான். ஃபிளாக்கைக் கணினியிலேயே விரித்து, எல்பிசிஎம்மாக, அதாவது சுருக்காத ஒலி எண்களாக, வீட்டு நெட்வொர்க்கில் அனுப்பிவிடும். இதில் தரம் குறையாது.

பிஎஸ்3-யில் மீடியா சர்வர் கனெக்‌ஷனை எனேபிள் செய்தேன். சர்வரின் பெயரே வரவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடிய பிறகுதான் தெரிந்தது, என் வீட்டு வைஃபையைக் கணினியில் 'பப்ளிக்' என்று குறித்து வைத்திருக்கிறேன். கருவிகள் ஒன்றையொன்று தேடும் அழைப்பு யுடிபி 1900 போர்ட் என்ற நெட்வொர்க் வாசல் வழியாக வரும். பப்ளிக் என்று இருந்ததால் கணினியின் காவல் மென்பொருளான ஃபயர்வால் அந்த அழைப்பை மறித்திருந்தது. 'பிரைவேட்' என்று மாற்றி, சர்வருக்கும் அனுமதி கொடுத்ததும் பெயர் வந்துவிட்டது.

பாட்டும் வந்தது. ஆனால் நடுநடுவே அறுந்தது. சினிமாப் பாட்டாக இருந்தால் கண்டுகொண்டிருக்க மாட்டேனோ என்னவோ. ஆலாபனைக்குப் பின்னால் ஒரே சீராக ஓடும் தம்புரா கால் நொடி நின்றாலும் நெஞ்சில் தட்டும். சிடி தரத்துக்கு நொடிக்கு 1,411 கிலோபிட்தான் வேண்டும். பிஎஸ்3-யின் வைஃபை பழைய ஜி வகை, பெயரளவில் 54 மெகாபிட். கணக்குப்படி தாராளம். பிசகு எங்கே என்றால், கணினியும் வைஃபையில், பிஎஸ்3-யும் வைஃபையில். ஒவ்வொரு துண்டும் கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து பிஎஸ்3-க்கு இன்னொரு முறை என்று ஒரே காற்றில் இரண்டு தடவை போகிறது. அக்கம்பக்கத்து வைஃபைகளும் அதே காற்றில்தான். கணினியை மட்டும் லேன் கேபிளில் மாட்டியதுமே முக்கால்வாசி சரியானது. அப்புறம் பிஎஸ்3-க்கும் சுவரோரமாக ஒரு கேபிள் இழுத்தேன். அன்றிலிருந்து ஒரு தடவைகூட அறவில்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். தற்செயலாக ரிசீவரின் சின்னத் திரையைப் பார்த்தால் 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 ஒலி அளவுகள்) என்று காட்டுகிறது. சிடி என்றால் 44.1 அல்லவா? வழியில் யாரோ எண்களை மாற்றிக் கணக்கிடுகிறார்கள். காதுக்கு வித்தியாசம் தெரிந்ததா என்றால், உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ஓர் எண்ணும் மாறக்கூடாது என்றுதானே இத்தனை ராத்திரி உட்கார்ந்து மாற்றினேன்! விட மனம் வரவில்லை.

முதலில் பிஎஸ்3-யின் ஆடியோ அவுட்புட் பட்டியலைப் பார்த்தேன். 44.1-க்கான டிக் விடுபட்டிருந்தது. போட்டேன். திரையில் இன்னும் 48. சரி, குற்றவாளி எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க, ஒரே பாட்டைச் சுருக்காத டபிள்யூஏவி கோப்பாக்கி, பென் டிரைவில் போட்டு நேரே பிஎஸ்3-யில் செருகினேன். 44.1 வந்தது! அப்படியானால் பிஎஸ்3-யும் ரிசீவரும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன, மாற்றுவது கணினிதான். சர்வரின் ஆடியோ செட்டிங்ஸில் ரீசாம்பிள் (அந்த கிலோஹெர்ட்ஸ் எண்ணை மாற்றுவது) என்ற டிக்கை எடுத்துவிட்டுச் சர்வரை மறுபடி தொடங்கினேன். திரையில் 44.1. இந்தப் பென் டிரைவ் சோதனையை முதல் நாளே செய்திருக்கலாம். இதே சிக்கலில் இருப்பவர்கள் அதிலிருந்தே தொடங்குங்கள்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. கச்சேரி சிடிக்களில் கீர்த்தனை ஒரு டிராக், தனி ஆவர்த்தனம் அடுத்த டிராக் என்று வெட்டியிருப்பார்கள். ஸ்ட்ரீமிங்கில் ஒன்று முடிந்து அடுத்தது வரும்போது சின்னதாக ஒரு மௌனம் விழுந்தது. மிருதங்கக்காரர் எடுக்கும் முதல் சொல்லுக்கு முன்னால் அந்த ஓட்டை விழுவதைப் பொறுக்க முடியவில்லை. அதற்குச் செட்டிங் எதுவும் எனக்கு அகப்படவில்லை. ஃபூபார்2000 என்ற இசை மென்பொருளில் அந்த மாதிரி டிராக்குகளை ஒரே ஃபிளாக் கோப்பாக இணைத்தேன். இதுவரை பதினோரு கச்சேரி முடிந்திருக்கிறது.