பினாங்கில் பக்காவலி பூத்த ராத்திரி

கோலாலம்பூர் விமான நிலையத்தில் திருச்சி விமானத்துக்குக் காத்திருக்கிறேன். பினாங்கில் எங்கே தங்கினேன், எவ்வளவு செலவானது என்றெல்லாம் வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். அது அப்புறம். முதலில் பூ.

குயின் ஸ்திரீட்டில் 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. பக்கத்துப் பூக்கடையில் சம்பங்கி மாலை வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மலாய்க்கார அம்மா வந்து அதே பூவைக் காட்டி, "சுண்டல் மாலாம்" என்று கேட்டார். எனக்குக் கடலைச் சுண்டல்தான் நினைவுக்கு வந்தது. அவர் போனதும் பூக்கட்டும் அக்கா தணிந்த குரலில் சொன்னார்: "மாலாம்னா ராத்திரி தம்பி. சுண்டல்னா தப்பான பொம்பள."

கோபம் வந்துவிட்டது. சாமி கழுத்திலும் கல்யாண மாலையிலும் ஏறுகிற பூவுக்கு இப்படி ஒரு பெயரா? இருட்டில் நிறம் எடுபடாது. அந்துப்பூச்சியைக் கூப்பிட வெள்ளையும் வாசமும்தான் அதற்கு வழி. அதனால்தான் பொழுது சாய்ந்ததும் அப்படி மணக்கிறது. இந்தோனேசியாவில் அதையே 'செடாப் மாலாம்' என்கிறார்கள், இரவின் இனிமை என்று. அது பெயர்! நம் அந்திமந்தாரைக்கும் மலாய்க்காரர்கள் 'புங்கா புக்குல் அம்பாட்', நாலு மணிப் பூ, என்று அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

நான் விடாமல் கேட்டதைப் பார்த்து அக்கா, "எங்க பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டிகிட்ட இன்னைக்கு பக்காவலி பூக்குது, வர்றீங்களா?" என்றார். பக்காவலி என்றால் ராத்திரியில் மலர்ந்து காலையில் வாடிவிடும் பூ. வீடு பினாங்கிலேயே ஆயர் ஈத்தாம் என்ற பகுதியில்.

போனில் சார்ஜ் இல்லை, ஆப்பில் வண்டி பிடிக்க முடியவில்லை. தெருவில் நின்ற டாக்சிக்காரர் 35 வெள்ளி, அதாவது ரிங்கிட், கேட்டார். பகலில் அதே பக்கம் 12 வெள்ளிக்குப் போயிருந்தேன். மணி எட்டரைதான், அதற்குள் 'நைட் ரேட்டா'ம். பகல் கொள்ளை! என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அது. ஆனால் வழியில் ஒரு கதை சொன்னார்: ராத்திரியில் கெம்போஜா வாசம், அதாவது நம் பெருங்கள்ளிப் பூ வாசம், திடீரென்று வந்தால் பொந்தியானாக் பக்கத்தில் நிற்கிறதாம். பிரசவத்தில் செத்த பெண்ணின் பேய். நம் ஊரில் மல்லிகை வாசத்தோடு மோகினி வருகிற மாதிரியே.

ஆன்ட்டி வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தொட்டியில் ஒரே மொட்டு, கொக்குக் கழுத்து மாதிரி வளைந்து தொங்கியது. ஒன்பது மணிக்கு நுனி லேசாக விரிந்தது. வெளியிதழ்கள் பின்னுக்கு மடிய, உள்ளே மெல்லிய வெள்ளை இதழ்கள் ஒன்றொன்றாய்ப் பிரிந்தன. ஒவ்வொன்று விலகும்போதும் மொத்தப் பூவும் துளி அதிர்ந்தது. யாருமே பேசவில்லை. பதினொன்றுக்கு என் உள்ளங்கையைவிடப் பெரிதாக மலர்ந்து, வாசல் முழுக்க மணம்.

ஆன்ட்டிக்கு அது 'கெங் ஹுவா'. சீனக் கதைப்படி, ஒருவனுக்காக மட்டும் ஒரு நொடி மலரும் தேவதையாம். பக்காவலி என்ற பெயர், குருட்டு ராஜாவுக்குப் பார்வை தந்த பழங்கதைப் பூவிலிருந்து வந்தது. என் பாட்டிக்கு இதுவே பிரம்ம கமலம். உண்மையில் அந்தப் பெயருக்குரிய செடி இமயமலையில் இருக்கிறது, இது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. பாட்டியிடம் அதைச் சொல்ல மாட்டேன்.

திரும்பும்போது அக்காவின் மகன் பைக்கில் கொண்டுவந்து விட்டான், காசு வாங்கவே இல்லை. காலையில் அக்கா போட்டோ அனுப்பினார். பூ துவண்டு தொங்குகிறது. ஆன்ட்டி அதைக் கற்கண்டு போட்டு சூப் வைக்கப் போகிறாராம்.