75 கிரெடிட் இருந்தும் கணக்கில் சேர்ந்தது 48

குடும்பத்தோடு கனடாவுக்குப் போவது முடிவானதும், இரண்டரை வருடம் படித்ததை அப்படியே விட மனமில்லாமல் அங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாற்று மாணவியாக விண்ணப்பித்தேன். அனுமதி லேசாகக் கிடைத்தது. கிரெடிட்டில்தான், அதாவது ஒவ்வொரு பாடத்தையும் முடித்தால் சேரும் அலகுக் கணக்கில்தான், வயிறெரிந்தது.

என்னிடம் இருந்தது 75. இங்கே இலங்கையில் நாலு வருடக் கௌரவப் பட்டத்துக்கு 120 கிரெடிட், அங்கேயும் 120தான். மிச்சம் 45 படித்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவில் பல பல்கலைக்கழகங்கள் பட்டத்தின் பாதியையாவது தங்களிடமே படிக்கச் சொல்கின்றன. ஆக எவ்வளவு கொண்டுபோனாலும் 60க்கு மேல் ஏறாது, எனக்கு 15 வாசலிலேயே போச்சு.

அந்த 60ஐயாவது காப்பாற்றலாம் என்றால், படித்த பாடங்களையும் தரங்களையும் காட்டும் டிரான்ஸ்கிரிப்ட் வேண்டுமே. நம் நாட்டில் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிப்படி எந்தப் பல்கலைக்கழகம் கிடைக்கிறதோ அங்கேதான் படித்து முடிப்போம், பாதியில் கிளம்புகிறவருக்கு என்ன கொடுப்பது என்று பரீட்சைக் கிளையில் யாருக்கும் தெரியவில்லை. மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ் ஏறி, விடிய இறங்கி, கதவு திறக்கும்வரை காத்திருந்து கேட்டால், "முடிக்காதவங்களுக்கு டிரான்ஸ்கிரிப்ட் குடுக்கிற வழக்கம் இல்லையே தங்கச்சி" என்றார் கிளாக். பொறுப்பான சேர் லீவாம். எப்போ வருவார் என்றால், "கோல் பண்ணிப் பாருங்க." அந்த நம்பரை யாரும் எடுப்பதில்லை. கடைசியில் பீடாதிபதிக்குக் கடிதம் எழுதி, அவர் ஓரத்தில் கையொப்பம் வைத்த பிறகுதான் பைல் நகர்ந்தது. நீங்கள் முதலிலேயே அந்தக் கடிதத்தோடு போங்கள்.

டிரான்ஸ்கிரிப்டை வைத்து ஒட்டிய உறையைக் கையில் தந்ததும் சும்மா பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒட்டிய இடத்துக்குக் குறுக்கே முத்திரையும் கையொப்பமும் இருக்க வேண்டும். என்னுடையதில் இல்லை, கேட்டதும் ஒரு முறைப்பு. மை காய்ந்து பாதி முத்திரைதான் விழுந்தது. கிளாக் அந்த றப்பர் சீலில் வாயால் ஊதி, மறுபடி அழுத்திக் கொடுத்தார். அதை வாங்கும்போது பட்டம் வாங்கிய மாதிரி இருந்தது!

அப்புறம் சிலபஸ். டிரான்ஸ்கிரிப்டில் பாடக்குறி, பெயர், கிரெடிட், தரம் மட்டும்தான். என்ன படித்தீர்கள், எத்தனை மணித்தியாலம் விரிவுரை என்று அங்கே கேட்பார்கள். இணையத்தில் இருந்தது புதிய பாடத்திட்டம், நான் படித்தது பழையது, பாடத் தலைப்புகளே வேறு. நீங்கள் படித்த பாடத்திட்டத்துக்குரிய சிலபஸைத் துறைத் தலைவரிடம் கையொப்பத்தோடு வாங்குங்கள். எஸ்.எல்.கியூ.எஃப். என்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல், விரிவுரைப் பாடமென்றால் அதில் 15 மணித்தியாலம் வகுப்பு. அந்தப் பக்கத்தையும் கல்லடியில் போட்டோ கொப்பி எடுத்துச் சேர்த்து அனுப்பினேன், 'தகவல் போதாது' என்று நிறுத்தி வைத்திருந்த பாடங்களில் மூன்று அதற்குப் பிறகுதான் ஏறின.

முடிவாக 57 ஏற்றார்கள். ஆனால் ஏற்பது வேறு, பட்டத்தில் எண்ணுவது வேறு. 9 கிரெடிட் எந்தத் தேவையிலும் அடங்காமல் சும்மா நிற்கிறது, எண்ணிக்கை 48தான். அனுமதிக்கான முற்பணம் கட்டும் முன்பே, "எத்தனை ஏற்பீர்கள்" என்று மட்டும் கேட்காமல், "என் பிரதான பாடத்தில் எத்தனை சேரும்" என்று ஈமெயிலில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். தரங்களின் சராசரியான ஜிபிஏயும் கூட வராது. இங்கே கண்விழித்து எடுத்த ஏ எல்லாம் அங்கே வெறும் கிரெடிட், புள்ளி முதல் செமஸ்டரிலிருந்துதான் தொடங்கும்.