தகர டப்பாவும் மூன்றாவது இழுப்பறையும்

டிசம்பர் 31 இரவு எங்கள் வீட்டு மேசைக்கு ஒரு தகர டப்பா வரும். மூடி இறுகிக் கிடக்கும். கரண்டிக் காம்பால் நெம்பினால்தான் திறக்கும். அது தம்பியின் வேலை. உள்ளே, போன வருடம் ஆளுக்கொன்றாக எழுதி மடித்துப் போட்ட புத்தாண்டுச் சீட்டுகள் இருக்கும். ஒருவருடைய சீட்டை இன்னொருவர்தான் உரக்க வாசிக்க வேண்டும். அக்கா எட்டாம் வகுப்பு படிக்கும்போது போட்ட விதி இது. ஏன் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே ஞாபகம் இல்லை. அவளுக்குத் திருமணமாகி, நானும் வேறு ஊருக்குப் போய், வீடு மூன்று முறை மாறிய பிறகும் அந்த இரவுக்கு எல்லோரும் வந்துவிடுகிறோம்.

அப்பாவின் சீட்டை வாசிக்கப் பிரிக்கவே தேவையில்லை. ஏழு வருடங்களாக ஒரே வரிதான்: 'அலமாரியின் மூன்றாவது இழுப்பறையைச் சரிசெய்வது.' இழுப்பறை இன்றும் பாதியில் சிக்கி நிற்கிறது. கேட்டால், "குறிக்கோள் என்றால் நிலையாக இருக்க வேண்டும்" என்கிறார். அம்மா வெற்றுத் தாளை மடித்துப் போடுவாள். எழுதினால் நாங்கள் கணக்குக் கேட்போமாம்.

என் சீட்டுதான் இந்த முறை மானத்தை வாங்கியது. தினமும் ஒரு மணி நேரம் நடை, மாதம் இரண்டு புத்தகம், படுக்கையறைக்குள் கைப்பேசி கூடாது, சேமிப்பு, கோபத்தைக் குறைத்தல் என்று எண் போட்டு ஐந்து வரிகள். தம்பி அதைச் செய்தி வாசிப்பவரைப் போல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். ஐந்தாவது வரியில் எனக்குக் கோபம் வந்தது; அதற்கும் சிரித்தார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் பழைய டைரியைப் புரட்டினேன். நடை ஜனவரி 13 அன்று நின்றிருக்கிறது. அன்று மழை. ஒரு நாள்தானே விட்டுப்போனது, மறுநாள் போயிருக்கலாம். ஆனால் முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்கிற குணம் எனக்கு.

இந்தக் குணத்துக்கு மருந்துபோல ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. லண்டனில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரங்கள் கவனித்து 2010இல் வெளியிட்டது. ஒரு பழக்கம் தன்னியல்பாகப் படிய எடுத்துக்கொண்ட காலத்தின் இடைநிலை 66 நாட்கள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை மாறியிருக்கிறது; பன்னிரண்டு வாரத்தைத் தாண்டியவை கணக்குப் போட்டுச் சொன்ன மதிப்பீடு. நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். புத்தாண்டன்று தொடங்கினால் யோகக்காரர்களுக்கு ஜனவரி 18, நடுவாந்தரமானவர்களுக்கு மார்ச் 7, என்னைப் போன்றவர்களுக்குச் செப்டம்பர் 11. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதகமில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அந்த ஜனவரி 13 அன்று யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?

அக்காவின் சீட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'இரவு பாத்திரம் துலக்கிக் கை துடைத்ததும் அம்மாவுக்குப் போன்.' ஏறக்குறைய வருடம் முழுவதும் பேசியிருக்கிறாள், அம்மாவே சாட்சி. 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்வது பலன் தருகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விரிவாக எழுதியிருக்கிறார். அக்கா அவரைப் படித்தவள் அல்ல. ஈரக்கையோடு போனைத் தொட முடியாது, அவ்வளவுதான் அவள் யோசனை.

எனவே இந்த வருடம் அவளைக் காப்பியடித்தேன். 'இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு பதினைந்து நிமிட நடை. விட்டுப்போனால் மறுநாள்.' எட்டிப் பார்த்த தம்பி, "ஒரு மணி நேரம் கால் மணியாகிவிட்டதே!" என்றான். ஆகட்டும்.

இன்று ஜனவரி 19. இரண்டு நாட்கள் விட்டுப்போயின. ஒன்று தலைவலி, மற்றது வெறும் சோம்பல். நான் யோகக்காரி இல்லை என்பது நேற்றோடு உறுதியாகிவிட்டது. இன்னும் தட்டைக் கழுவிவிட்டு, போகலாமா வேண்டாமா என்று இரண்டு நிமிடம் வாசலில் நிற்கத்தான் செய்கிறேன்.

நேற்று நடந்துகொண்டிருந்தபோது அப்பா போன் செய்தார். இழுப்பறைக்குத் திருகாணி வாங்கிவிட்டாராம். அளவுதான் பொருந்தவில்லையாம்.