ஈஸ்டருக்கு முந்தைய வாரம் யாரைக் கேட்டாலும் குதிரைதான்

சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டில் 'ரேஸ்' என்பது கெட்ட வார்த்தை. பெரியப்பா கிண்டிக்குப் போய்ப் போயே பெரியம்மாவின் வளையல், அப்புறம் செயின், கடைசியில் வீட்டின் பின்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தொலைத்தவர். 1974இல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது. அதை எதிர்த்துப் போன வழக்கில், குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்பா அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "அண்ணனோட திறமைய அவங்க பார்த்ததில்ல" என்றார். அதோடு பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தின் தோட்டத்தில் நின்று, குதிகாலால் புல்லை அழுத்தி, "இன்றைக்கு ஈரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, கனமான குதிரைக்குப் பரவாயில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என்றால் நம்ப மாட்டீர்கள். நானே நம்பவில்லை.

2019 கடைசியில் நர்ஸ் வேலைக்கு வந்தேன். மீத் கவுண்டியில் இல்லம். வீடு ஆஷ்போர்ன் ஊரில். வந்த முதல் வாரம் கடைத்தெருவில் ஒரு வெண்கலச் சிலை கண்ணில் பட்டது. குதிரை, மேலே ஓர் ஆள். சென்னையில் வளர்ந்தவளுக்குக் குதிரைச் சிலை என்றால் மன்றோ சிலைதான். யாரோ கவர்னர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேலை செய்யும் இடத்தில் கேட்டபோது சிரித்தார்கள். சிலை குதிரைக்கு. குதிரையின் பெயர் ஆர்க்கிள். மேலே இருப்பவர் அதன் ஜாக்கி பாட் டாஃப். மன்றோ சிலையில் யாரும் குதிரையின் பெயரைக் கேட்பதில்லை. இங்கே குதிரைதான் தலைவர், மனிதர் கூட வந்தவர்.

புது ஊரில் எனக்கு மருந்து, ஊசி, கேஸ் ஷீட் எதுவும் கஷ்டமாக இல்லை. கஷ்டம் பேச்சில்தான் இருந்தது. காலையில் உள்ளே நுழைந்தால் வானிலையைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசியாக வேண்டும். மூன்றாவது வாக்கியம் எனக்கு வராது. கிரிக்கெட் பேசினால் அவர்களுக்குப் புரியாது. அவர்களுடைய ஹர்லிங் ஆட்டம் எனக்குப் புரியாது. மார்ச் பிறந்ததும் பேச்சு குதிரைக்குத் தாவிவிடும். ஈஸ்டர் திங்கட்கிழமை ஃபேரிஹவுஸ் மைதானத்தில் ஐரிஷ் கிராண்ட் நேஷனல், வேலி தாண்டி ஓடும் பெரிய குதிரைப் பந்தயம். எங்கள் ஊரிலிருந்து காரில் போனால் மைதானம் பக்கம்தான். சமையலறையில், துணி துவைக்கும் அறையில், பாதிரியார் வந்தால் அவரிடம்கூட ஒரே கேள்வி: "உனக்கு எது தோன்றுகிறது?" நான் சிரித்து நழுவிவிடுவேன். 2020இல் கொரோனாவால் பந்தயமே நடக்கவில்லை. அதனால் ஒரு வருஷம் தப்பித்தேன்.

என்னை மாட்டிவிட்டவர் கோடி அறையில் இருந்த ஒரு பெரியவர். மாடு வைத்துப் பால் கறந்து வாழ்ந்தவர், எண்பதைத் தாண்டியவர். இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அதுதான் மரியாதை. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழ ஒரு வருஷம் ஆயிற்று. அவர் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒட்டுகிற 'கேர்ள்' என் காதில் 'ம்மா' என்றே விழும். ஆகவே இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

2021 மார்ச். வெளியாட்கள் வருவதற்கு இன்னும் கட்டுப்பாடு இருந்தது. பத்திரிகையின் பொடி எழுத்து அவருக்குத் தெரியவில்லை. "நீ படிம்மா, நான் யோசிக்கிறேன்" என்றார். குதிரைப் பெயருக்கு முன்னால் ஏதோ போன் நம்பர் மாதிரி இருந்தது. இலக்கங்கள், நடுவே எழுத்துகள். அது குதிரையின் பழைய ஓட்டங்கள். இடமிருந்து வலம் போனால், வலது ஓரத்தில் இருப்பது கடைசியாக ஓடியது. 1 என்றால் முதல், 2 என்றால் இரண்டாவது. எஃப் இருந்தால் விழுந்தது. யூ என்றால் ஜாக்கியைத் தள்ளிவிட்டது. பி என்றால் ஜாக்கியே பாதியில் நிறுத்தியது. பி எழுத்துகளில் இன்னொன்றும் உண்டு, ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து: வேறு குதிரை விழுந்து இதையும் சாய்த்தது என்று பொருள். "அது குதிரையின் குற்றமில்லைம்மா, அதைத் தள்ளி வைக்காதே." எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. காய்ச்சல் சார்ட் படிக்கிற மாதிரிதான் இது. ஒரு நாள் கணக்கைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று பார்க்க வேண்டும்.

அடுத்து எடை. தமிழில் ஒருவரை 'எடைபோடுவது' என்கிறோமே, அதை இங்கே உண்மையாகவே செய்கிறார்கள். நன்றாக ஓடும் குதிரைக்கு அதிக எடை. சேணத்துக்கு அடியில் ஈயம் வைத்துக் கட்டிவிடுவார்கள். எல்லாக் குதிரையும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்று கணக்குப் போட்டு எடை வைக்க ஓர் அதிகாரி இருக்கிறார். அந்தக் கணக்கு எங்கே பிசகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் மற்றவர்கள் வேலை. ஆர்க்கிள் 1964இல் இந்தப் பந்தயத்தை ஜெயித்தபோது 12 ஸ்டோன் சுமந்தது, கிட்டத்தட்ட 76 கிலோ. அதோடு ஓடும் மற்றக் குதிரைகள் எல்லாம் குறைந்த எடையோடு ஒரு கூட்டமாக நிற்கும். அப்படியும் முடியவில்லை. கடைசியில் விதியையே மாற்றி, ஆர்க்கிள் ஓடினால் ஓர் எடைப் பட்டியல், ஓடாவிட்டால் வேறொன்று என்று இரண்டு போட வேண்டியதாயிற்று. இதைச் சொல்லும்போது பெரியவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

மூன்றாவது தரை. இதில்தான் என் குதிகால் வந்தது. கிண்டியில் சமதரை ஓட்டம், அரை நிமிஷம் பிசகினால் முடிந்தது. இது 3 மைல் 5 பர்லாங், 24 வேலிகள். கிட்டத்தட்ட 5.8 கிலோமீட்டர். சேற்றில் ஓடினால் கடைசி அரை மைலில் குதிரை நடக்க ஆரம்பித்துவிடும். சேற்றில் மட்டுமே ஓடுகிற குதிரைகளும் உண்டு. தரை காய்ந்தால் அவை மற்றவற்றின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஈரமும் இல்லை, வறட்சியும் இல்லை என்கிற நடுப்பதத்துக்கு இவர்கள் 'யீல்டிங்' என்று ஒரு தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். சோற்றுக்குப் பதம் பார்க்கிற மாதிரி மண்ணுக்குப் பதம். அவரை வீல்சேரில் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போவேன். "குதிகாலை அழுத்து. எவ்வளவு இறங்குகிறது?" தினமும் இதே கேள்வி. இல்லத்துப் புல்லும் ஃபேரிஹவுஸ் புல்லும் ஒரே மழையில் நனைந்தவை என்பது அவர் கணக்கு.

இப்படி வேலி தாண்டி ஓடும் பந்தயத்துக்கு 'ஸ்டீபிள்சேஸ்' என்று பெயர். அந்தப் பெயரின் கதையும் அவர் சொன்னதுதான். 1752இல் கார்க் கவுண்டியில் இரண்டு பேர் பந்தயம் கட்டி, பட்டவன்ட் ஊரின் தேவாலயத்திலிருந்து டோனரேல் தேவாலயத்துக்குக் குறுக்கு வழியாகக் குதிரை ஓட்டினார்கள். வழியில் வேலி வந்தாலும் ஓடை வந்தாலும் தாண்டத்தான் வேண்டும். வழிகாட்டி தேவாலயத்தின் கூர்கோபுரம், அதாவது 'ஸ்டீபிள்', மட்டும். கோபுரத்தைப் பார்த்து ஊருக்கு வழி பிடிப்பது நமக்குத் தெரியாததா?

சரி, 2021க்கு வருகிறேன். இரண்டு வாரம் பட்டியலைக் கழித்துக் கழித்து, ரன் வைல்ட் ஃப்ரெட் என்ற குதிரையில் வந்து நின்றோம். கார்டன் எலியட் என்ற பயிற்சியாளரின் தொழுவம் அது. அவருக்கு அந்த வசந்தத்தில் தடை இருந்ததால் லைசென்ஸ் டெனீஸ் ஃபாஸ்டர் என்பவர் பெயரில் இருந்தது. தொழுவத்தில் இவ்வளவு குழப்பம் இருக்கும்போது குதிரை என்ன செய்யும் என்று நான் கேட்டேன். "குதிரை பேப்பர் படிக்காதும்மா." ஃப்ரீவீலின் டிலன் என்ற பெயரை நான் படித்தபோது அவர் கையை மட்டும் ஆட்டினார், அடுத்தது என்று. முந்தைய கோடையில் கில்பெகனில் மிட்லண்ட்ஸ் நேஷனல் ஜெயித்த குதிரை அது. சின்ன மைதானம், கோடைப் பந்தயம், கணக்கில் வராது என்று தாண்டிவிட்டோம்.

இல்லத்தில் ஆளுக்கு 2 யூரோ போட்டுத் தொப்பியிலிருந்து ஆளுக்கொரு குதிரைப் பெயர்ச் சீட்டு எடுத்தோம். டிலன் சீட்டு விழுந்தது ஞாபக மறதி முற்றிய ஒரு பாட்டிக்கு. ஏப்ரல் 5, பார்வையாளர்களே இல்லாத மைதானம். டிவியில் குளம்புச் சத்தமும் ஜாக்கிகளின் கத்தலும் மட்டும் கேட்டன. டிலன் முன்னால் ஓடியது. விழுந்துவிடும், களைத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். விழவும் இல்லை, களைக்கவும் இல்லை. எங்கள் ரன் வைல்ட் ஃப்ரெட் இரண்டாவது. விலை ஒன்றுக்கு 150, அதாவது ஒரு யூரோ கட்டியிருந்தால் 150 யூரோ லாபம். 1870இல் தொடங்கிய பந்தயத்தில் அவ்வளவு பெரிய விலையில் வேறு குதிரை ஜெயித்ததில்லை. ஜெயித்த பாட்டி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். சில்லறையை அவர் மடியில் வைத்தோம். விழித்ததும் ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு என் கையில் ஒன்றைக் கொடுத்தார், பஸ்ஸுக்கு.

இதில் எனக்கு உறுத்தல் இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலியில் விழுந்த குதிரை சில சமயம் எழுவதில்லை. பச்சைத் திரை கொண்டுவந்து மறைப்பார்கள். அந்த நேரம் நான் டீ போடப் போய்விடுவேன். அப்புறம் பணம். இங்கே தொப்பிச் சீட்டும் உண்டு, போனில் நடுராத்திரி கட்டுகிற பணமும் உண்டு. நம் ஆட்களில் ஒருவர் ஆறு மாதச் சம்பளத்தைப் போனிலேயே விட்டுவிட்டு, ஊருக்கு டிக்கெட் எடுக்கக் கடன் கேட்டார். பெரியப்பாவின் முகம் அப்படியே. அதனால் எனக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்: வருஷத்துக்கு ஒரு நாள், 10 யூரோ.

2022 ஏப்ரல் 18. மைதானம் திறந்துவிட்டது. பெரியவரால் வர முடியாது. என் கையில் அவர் 10 யூரோ கொடுத்து, என் 10 யூரோவோடு சேர்த்து, "நீ என் கண்ணாக இரு" என்றார். வீட்டுக்காரர், மகன், நான் மூவரும் போனோம். பெண்கள் தொப்பியும் மெல்லிய உடையுமாகக் குளிரில் நின்றார்கள். நான் தடித்த கோட்டும் ரப்பர் ஷூவும். மகனுக்குச் சிப்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்துக்கு ஓடினேன். போனை எடுத்தேன். "சொல்லும்மா. எது வியர்க்கிறது? எது தலையை ஆட்டுகிறது?" வாரிசுகளுக்கு நோயாளியின் நிலைமை சொல்கிற மாதிரி வரிசையாகச் சொன்னேன். கய்யார் தூ மெனில், சாம்பல் நிறம், நிதானமாக நடக்கிறது. பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸின் குதிரை, மார்ச்சில் இங்கிலாந்தின் செல்டனம் பந்தயங்களுக்குப் போய் மூன்றாவதாக வந்தது. ஓடித் தேறிய குதிரை, தூரம் தாங்கும் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தோம். என் கண்ணுக்கும் பழுதில்லை.

லார்ட் லாரியட் என்று ஒரு குதிரை கடந்து போனது. அட்டையைப் பார்த்தேன். டெர்மட் மக்லோக்லின், போன வருஷ டிலனைப் பயிற்றுவித்தவர். பக்கத்து ராடோத் ஊர்க்காரர்.

"போன வருஷம் ஜெயித்த ஆளின் குதிரை ஒன்று இருக்கிறது" என்றேன்.

"என்ன விலை?"

"ஒன்றுக்கு நாற்பது."

மறுமுனையில் யோசனை. பிறகு, "அதிர்ஷ்டம் கொட்டின இடத்திலேயே மறுபடி கொட்டாதும்மா. விடு."

விட்டேன். கய்யார் மேல் பாதி ஜெயிப்பதற்கு, பாதி முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு என்று பிரித்துக் கட்டினேன். 24 வேலியும் எப்படிப் போயின என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முன்னால் இருந்தவர்களின் தோள்கள், ஒலிபெருக்கி, மண் அதிர்வது, அவ்வளவுதான். கடைசி வேலிக்கு அப்புறம் சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, எது எது என்று கேட்டார்கள். மகன்தான் பலகையைப் படித்தான். லார்ட் லாரியட் முதல், ஃப்ரன்டல் அசால்ட் இரண்டாவது, எங்கள் சாம்பல் குதிரை மூன்றாவது. இடத்துக்குக் கட்டிய பாதி கைகொடுத்ததால் போட்ட காசு ஏறக்குறைய திரும்பி வந்தது.

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன், ரேஸுக்குப் போனேன் என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எவ்ளோ போச்சு?" என்றார். ஒன்றும் போகவில்லை என்றேன். "அப்படித்தான் அண்ணனும் ஆரம்பிச்சாரு" என்றார்.

மறுநாள் பணியில் முதல் வேலையாகக் கோடி அறைக்குப் போனேன். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கோபம் போலிருக்கிறது என்று மாத்திரையை மேசையில் வைத்தேன். திரும்பாமலே கேட்டார்:

"அந்த ராடோத்காரன் வீட்டில் இன்னும் எத்தனை குதிரை நிற்கிறது என்று விசாரித்தாயா?"